கவ்வாத்து வெட்டிய கார்

நல்லமுத்து வாங்கிய சிவப்புக் காருக்கு 1954ஆம் ஆண்டு ஆவணி மாதம் கவ்வாத்து வெட்டப்பட்டது. அதனால் தை பிறக்கும் வரை அது ஓடவில்லை. தேயிலைச் செடியை மட்டமாகக் கவ்வாத்து வெட்டிவிட்டால் அது சில மாதம் தூங்கித்தான் எழும்பும் என்பது மஸ்கெலியாப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த வருடம் அரிசி விலை ஏறியது, கருங்காட்டுத் தோட்டத்து மேல்லய வீட்டு வரிசையின் கூரைத் தகரம் காற்றோடு போனது, கார் தூங்கியது. இந்த மூன்றில் அரிசியைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் பேசினார்கள்.

நல்லமுத்து கருங்காட்டுக்காரன் அல்ல. அவன் வட்டகொடை ஸ்டேசனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிவரும் தோட்ட லாரியின் டிரைவர். முப்பது வயது. தரையில் நடக்கும்போதுகூட வலது காலை ஒரு அழுத்து அழுத்தித்தான் எடுப்பான், பிரேக் அங்கேதான் இருக்கிறது என்பதுபோல. கலியாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. மனைவி மீனம்மா இறம்பொடைப் பக்கத்திலிருந்து வந்தவள். கொழுந்து எடுப்பதில் அவள் கைக்கு ஒரு பெயர் இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் தவிர வேறெதையும் அவள் விரல் தொட்டதில்லை. மற்றப் பெண்களின் கூடையைக் கிளறி முத்தல் இலையைப் பொறுக்கி வீசுகிற கண்டாக்கு, தோட்ட மேற்பார்வை அதிகாரி, அவள் முறை வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். வயல்வெளியில் பிறந்தவர்களுக்கு நெல்லைப் போல, மீனம்மாவுக்கு அந்தக் கூடைதான் மானம், மரியாதை எல்லாம்.

அந்த மரியாதை போனது அவள் தங்கை கலியாணத்தில். இறம்பொடைக்குப் போக நல்லமுத்து தோட்டத்தில் கேட்டு லாரியை எடுத்து வந்தான். புறப்படும் நேரத்தில் ஸ்டோர் கிளாக்கர், தனக்கும் அந்தப் பக்கம் ஒரு சோலி இருப்பதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கிளாக்கர் உட்கார்ந்த சீட்டில் தொழிலாளி பெண்சாதி உட்கார முடியாது. மீனம்மா அரக்குப் பட்டுச்சேலையோடு பின்னால் தேயிலைப் பெட்டிகளின் மேல் ஏறினாள். ஒரு பெட்டி வாய் பிளந்திருந்தது. இறம்பொடை அருவி தெரிகிற வளைவுக்கு வருவதற்குள் தூள் முழுவதும் அவள் மேல் இறங்கிவிட்டது. கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், “இது என்னா, டஸ்ட் நம்பர் ஒண்ணா?” என்று கேட்டார். கிளாக்கர் சிரித்தார், தவில்காரர் சிரித்தார். அதையெல்லாம் மீனம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். நல்லமுத்துவும் சிரித்தான்.

மறுநாள் லாரி புறப்படும்போது அவள் இறம்பொடையில் அப்பா வீட்டு வாசலை விட்டு இறங்கவில்லை.

“நான் வரல. நீங்க போங்க. கிளாக்கரு ஐயா காத்துக்கிட்டு இருக்காரு.”

“என்னா புள்ள, ஒரு தமாசுக்குச் சிரிச்சத போயி...”

“எனக்கு ஒரு காரு கொண்டாங்க. அதுல ரெண்டே ரெண்டு சீட்டுதான் இருக்கணும். ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு எனக்கு. மூணாவது ஆளு குந்த எடம் இருந்துச்சின்னா நான் ஏற மாட்டேன்.”

நல்லமுத்து அதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று நினைத்து, ஒரு வருடம் சும்மா இருந்தான். மீனம்மாவும் ஒரு வருடம் சும்மா இருந்தாள். அதற்குள் அவள் அப்பா பொன்னையாவுக்கு இந்தியா போகிற கடதாசி வந்துவிட்டது. குடும்பம் முழுவதும் தை மாதம் நானுஓயாவில் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பல் பிடிப்பதாக ஏற்பாடு. பொன்னையா நல்ல மனிதர். வட்டகொடைக்கு நேரில் வந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “மாப்புள, ரயிலு வட்டகொடையில நிக்கும். அன்னைக்கு எம்மக ஒங்க பக்கத்துல பிளாட்பாரத்துல நின்னா, அவ பெட்டிய எறக்கி வச்சிட்டுக் கும்புட்டுட்டுப் போறேன். நிக்கலேன்னா அவளும் எங்களோட கப்பலேறிடுவா. அப்பறம் நடுவுல கடலு. ஒங்க லாரி அதுல ஓடாது.”

இரண்டு சீட்டுக் கார் என்றால் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கருங்காட்டுப் பழைய வெள்ளைக்காரத் துரை நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயம் ஓடிய, கூரையில்லாத கார். கம்பி ஆரம் வைத்த சக்கரங்கள், முன்பக்கம் மடக்கிப் படுக்கவைக்கிற கண்ணாடி, நெற்றியை விடப் பெரிய விளக்குகள். அந்தத் துரை 1949இல் கப்பலேறினார். கார் பங்களாக் கொட்டகையில் நின்றுவிட்டது. கொட்டகைக் கூரையில் ஒரு தகரம் இல்லாததால் ஐந்து வருட மூடுபனியும் மழையும் அதற்குள்தான் இறங்கின. பக்கத்திலேயே தவறணை, தேயிலை நாற்று போடுகிற இடம். ஏதோ ஒரு சாக்கிலிருந்து உருண்ட விதை காருக்குள் விழுந்து, முளைத்து, எஞ்சினைச் சுற்றி வேரோடி, முன்மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. வேர் எது, எஞ்சின் குழாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓடுமா என்று புதுத்துரையும் சொல்லவில்லை, நல்லமுத்துவும் கேட்கவில்லை. சீட்டு எத்தனை என்று மட்டும் எண்ணிப் பார்த்தான். விலை நானூறு ரூபாய். கித்தான் கூரையும் ஒரு பழைய ஜாக்கியும் அதில் சேர்த்தி.

காரைத் தன் பெயருக்கு மாற்ற அவன் அரசாங்கக் கச்சேரிக்குப் போனான். கார் எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்டார்கள், இங்கிலாந்து என்றான். இப்போது எந்த நாட்டுக்கு உரியது என்று கேட்டார்கள், இலங்கை என்றான். அன்று பகலுக்குள் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். நல்லமுத்து குடியுரிமை கேட்டு, தன்னைப் பற்றி இதே கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. காருக்கு நல்ல ராசி என்று சந்தோசப்பட்டுக்கொண்டு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினான்.

கொட்டகையில் அவன் முதலில் பெட்ரோல் ஊற்றினான். கார் அதைக் குடிக்காமல் கீழ்வழியாகத் தரையில் விட்டுவிட்டது. கைப்பிடியைப் போட்டுத் தோள் கழலச் சுற்றினான்; ஒன்றும் இல்லை. எரிச்சலில் முகத்துக்கு நேரே ஆடிய ஒரு துளிரைப் பிடித்துக் கிள்ளினான். கார் தும்மியது. இன்னொன்றைக் கிள்ளினான், இன்னொரு தும்மல், கூடவே ஒரு விளக்கு மினுங்கியது. இரண்டு இலையும் மொட்டுமாகச் சரியாகக் கிள்ளினால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும். முத்தலைப் பிய்த்தால் இருமும். இவ்வளவுதான் விஷயம் என்று தெரிந்ததும் நல்லமுத்துவுக்கு நிம்மதியாக இருந்தது. அதைவிடச் சிக்கலான லாரிகளை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் கொழுந்து எடுப்பது பெண்பிள்ளை வேலை. யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தடித்த விரல்களால் எட்டியதையெல்லாம் கிள்ளி, காரைக் கொட்டகையின் பின்சுவரிலிருந்து வாசல் வரை ஓட்டினான். அதோடு மரத்தில் துளிர் தீர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்தவர் வீரய்யா, தோட்டத்துக் கவ்வாத்துக் கங்காணி. காடாய் வளர்ந்த செடியைக் கண்டால் அவர் கை தானாக இடுப்புக் கத்திக்குப் போகும். கோயிலில் துளசியைப் பார்த்தாலும் அப்படித்தான்.

“மரமால்ல நிக்குது தம்பி! இதுல எங்கேருந்து கொழுந்து வரும்? கவ்வாத்துப் பண்ணாத செடியும் தலை சீவாத பிள்ளையும் ஒண்ணு. தள்ளிக்கங்க.”

நல்லமுத்துவுக்கு லாரி தெரியும், செடி தெரியாது. தள்ளிக்கொண்டான். வீரய்யா பகல் முழுவதும் வெட்டினார். கிளை பிளக்காமல், தண்ணீர் தேங்காமல், ஒவ்வொரு வெட்டும் சாய்வாக, மட்டக்கம்பு வைத்துப் பார்த்தால் நூல் பிடித்ததுபோல இருந்தது. அப்படி ஒரு கவ்வாத்தைத் துரைமார் வந்து பார்த்திருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். கத்தியைத் துடைத்து உறையில் போட்டபோது காரின் விளக்குகள் மெல்ல மங்கின.

“இப்ப ஓடுமாண்ணே?”

“ஓடுறதா? தூங்கணும்ல.”

“எம்புட்டு நேரம்?”

“நேரமா? நல்லா மழ பேஞ்சா மார்கழி கடைசியில துளிரு கட்டும். தையில எடுக்கலாம்.”

நல்லமுத்து சீட்டில் உட்கார்ந்தான். “அண்ணே, ரயிலு தையிலதாண்ணே.”

வீரய்யாவுக்கு அது விளங்கியதும் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் வெட்டைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, “வெட்டு தப்பில்ல,” என்றார். அதில் அவர் சொன்னது சரி.

அடுத்த தொந்தரவு கருங்காட்டுக் கண்டாக்கு அம்பலவாணரிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளைக் காற்சட்டையில் ஒரு சொட்டுச் சேறு படவிடாதவர். “உது காரோ, செடியோ? கார் எண்டால் கொண்டு போம். செடி எண்டால் அது கம்பனிச் சொத்து. ரெண்டும் எண்டு சொல்லி என்னை விசராக்காதையும்,” என்றார். பிறகு நியாயம் பார்க்கவேண்டும் என்று, தொப்பியைக் கழற்றி வீரய்யாவிடம் கொடுத்துவிட்டுத் தாமே காருக்கு அடியில் ஊர்ந்து போனார். வேர் எஞ்சினுக்குள்ளேயே சுருண்டிருந்தது. தோட்டத்து மண்ணை ஓர் இடத்திலும் தொடவில்லை. சேறும் எண்ணெயுமாக வெளியே வந்து, “சரி, வேர் எங்கட மண்ணில இல்லை. ஆனால் எல்லைக்குள்ள எடுக்கிற கொழுந்து எங்கட தராசுக்கு வரவேணும். அது சட்டம்,” என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் காற்சட்டையை அவர் பிறகு அணியவில்லை.

செய்தி பஸ் வழியாக ஹட்டனுக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும், நுவரெலியா பஸ் கண்டக்டர் வாயால் இறம்பொடைக்கும் போனது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மீனம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நல்லமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

“காரக் கொண்டாங்கன்னா, கார வெட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்களாமே?”

“வெட்டுனது வீரய்யா அண்ணன்.”

அவள் வெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். குறை சொல்ல ஏதும் கிடைக்கவில்லை. “பாசிய யாரு சொரண்டுறது? கெளையெல்லாம் பச்சப்பாசி. இப்பிடியே விட்டா துளிரு எங்கிட்டு மூச்சு விடும்? நான் ஒங்களுக்காக வரல, ஆமா. செடிக்காக வந்தேன்.”

அன்றிலிருந்து அவள் கருங்காட்டில் தங்கினாள். இரவில் வீரய்யா வீட்டுக் காம்பராவில் அவர் மனைவி ராசம்மாவோடு படுப்பாள். பகலில் அம்பலவாணர் கொடுத்த அன்றாடக் கைக்காசு வேலைக்குப் போவாள். மாலையில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் காரின் கிளைகளில் பாசி சுரண்டுவாள். எஞ்சினில் காதை வைத்துக் கேட்டால் மெதுவாக மூச்சு வருவது தெரிந்தது. நல்லமுத்து கிழமை முழுவதும் வட்டகொடையில் லாரி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்து சேருவான். வந்தால் வேறு இடமில்லை. இரண்டு பேரும் இரண்டு சீட்டில் உட்காருவார்கள். ஆறு வருடக் குடும்பத்தில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் ஞாயிறு இருவரும் நேரே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஞாயிறு அவன் கை பழக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியது.

“இப்ப எங்கிட்டுப் போறோம்?” என்று மீனம்மா கேட்டாள்.

“நோர்வூட் தாண்டியாச்சு.”

“வளைவுல மெதுவாப் போங்க. எனக்கு வயித்தக் கலக்குது.”

நல்லமுத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் கொட்டகையிலிருந்தபடியே மலைநாடு முழுவதும் போய்வந்தார்கள். ஹட்டனில் நிறுத்தி வடை தின்றார்கள். வடை ராசம்மா கொடுத்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், கொட்டகலை ஏற்றத்தில் வண்டி முனகுவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், முகத்தைத் திருப்பாமல் சொன்னான்: “அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

மீனம்மா, “ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றாள்.

மார்கழியில் பனி கடுமையாக விழுந்தது. மீனம்மா தன் கம்பளியைச் செடிக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் நடுங்கினாள். நல்லமுத்து தன் கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் நடுங்கினான். மாதம் முடிகிற தறுவாயில் வெட்டு வாய்களில் அரிசி போல மொட்டு விட்டது. இதற்காக லாரி ஓட்டும் தோட்டத்தில் லீவு கேட்டு வந்துவிட்ட அவன் தினம் எடுக்கலாமா என்று கேட்க, அவள் தினம் இன்னும் இல்லை என்றாள். மட்டம் கூடுமுன் கை வைத்தால் செடி ஆயுளுக்கும் சவலையாகிவிடும். பொங்கலும் வந்து போனது. நல்லமுத்து பொங்கலைச் சரியாக விழுங்கவில்லை. ரயில் நாளன்று விடியற்காலையில்தான் மீனம்மா மட்டக்கம்பை வைத்துப் பார்த்துவிட்டு, “ம், எடுக்கலாம்,” என்றாள்.

புறப்படும் முன் ஒரு வழக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. வண்டி என்றால் சக்கரச் சாமியான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். கவ்வாத்துக்குப் பிந்திய முதல் கொழுந்து என்றால் மலையடிவாரத்துக் கொழுந்துசாமிக்கு முதல் பிடியைப் படைக்க வேண்டும். ஒருவருக்குச் செய்து மற்றவர் கோபித்துக்கொண்டால் வழியில் நிற்கப்போவது கார்தான். ஆகவே இரண்டும் செய்தார்கள். மீனம்மா இடுப்பில் படங்கைக் கட்டி, கூடையை முதுகில் மாட்டி, தன் சீட்டில் முழங்காலிட்டு ஏறினாள். முன் கண்ணாடியை மடக்கிப் படுக்கவைத்ததும் செடி கைக்கு எட்டியது. அவள் முதல் துளிரைக் கிள்ளினாள். நல்லமுத்துவின் கைக்குத் தும்மிய கார், அவள் கைக்குத் தும்மவில்லை. தாய் மடியில் பிள்ளை போல ஒரே சீராக முனகிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் புகைக்குழாயில் நல்ல சாயத் தேத்தண்ணி வாசம் வந்தது.

எல்லையில் அம்பலவாணர் தராசோடு நின்றார். கூடையை நிறுத்துப் பார்த்து, “மூண்டு இறாத்தல். அரைப்பேருக்கும் காணாது,” என்றார்.

“ஐயா, ஓடுற செடியில பறிச்சிருக்கேன். நிக்கிற செடிக் கணக்கப் போடுறீங்களே?”

அம்பலவாணர் யோசித்தார். ஓடுகிற செடிக்குச் சட்டம் ஏதும் இல்லாததால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டு வழிவிட்டார்.

மஸ்கெலியா ரோட்டில் துரையின் கார் வருகிறதென்று ஆட்கள் பழக்கத்தில் ஒதுங்கிக் குடையை மடக்கினார்கள். மீனம்மாவைக் கண்டதும் திரும்ப விரித்தார்கள். காரில் போகிறவள் என்பதால் மறுபடி மடக்கலாமா என்று சிலர் பாதியில் நின்றார்கள். ஹட்டன் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, இது என்னவென்று “மொகத மே?” என்றார். தேயிலைச் செடி என்று நல்லமுத்து சிங்களத்தில் சொன்னான். அவர் இரண்டு தடவை சுற்றி வந்தார். ஓடுகிற வாகனத்தில் கொழுந்து எடுக்கக் கூடாதென்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பாரம் வாகனத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது. மீனம்மா எட்டி அதன் நுனியைக் கிள்ளினாள். பொலிஸ்காரர் திருப்தியாக சல்யூட் அடித்தார்.

ஹட்டன் ஸ்டேசன் வாசலில் நல்லமுத்து வண்டியை மெதுவாக்கினான். செடியில் பாதித் துளிர் தீர்ந்திருந்தது. நானுஓயாவிலிருந்து வருகிற ரயில் முதலில் வட்டகொடை, பிறகுதான் ஹட்டன். இங்கே இறங்கி நின்றால் அவளுக்குக் கப்பலாவது மிஞ்சும். வழியில் கார் நின்றுபோனால், அவள் அப்பா அவளை வட்டகொடையிலும் காணமாட்டார், ஹட்டனிலும் காணமாட்டார். பெட்டி மட்டும் கடல் தாண்டிவிடும்.

“எறங்கிக்கிறியா, புள்ள?” அவன் குரல் தண்ணீரில் போட்ட ரொட்டி மாதிரி இருந்தது. “கொழுந்து பத்துமான்னு தெரியல.”

“ஓட்டுங்க,” என்றாள் அவள்.

கொட்டகலை ஏற்றத்தில் அவன் உண்மையாகவே ரோட்டைப் பார்த்து ஓட்டினான். தலவாக்கலை கடைத்தெருவில் சனம் கூடி வேடிக்கை பார்த்தது. ஒரு கிழவர் எந்த மலைக் கொழுந்து என்று கேட்டார். வட்டகொடைக்கு ஏறுகிற கடைசி வளைவுகளில் மீனம்மாவின் விரல்கள் செடி முழுவதும் தேடிவிட்டு வெறுமனே நின்றன. கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அடுத்த கொழுந்துக்கு ஏழு நாள். மேலே மலைக்கு அந்தப் பக்கம் ரயில் கூவுவது கேட்டது.

நல்லமுத்து இறங்கித் தள்ளிப் பார்த்தான். ஏற்றம், கார் அசையவில்லை. “இன்னும் எலை இருக்குல்ல, புள்ள?” என்றான்.

“அது முத்தலு.”

“தெரியும்.”

“அடியில இருக்குறது செடியத் தாங்குற தாயிலை. அதப் பறிச்சா கொழுந்துக்காரின்னு எவளும் என்னையச் சொல்லமாட்டா. பத்து வயசுலருந்து இந்தக் கூடையில ஒரு முத்தலு விழுந்ததில்ல.”

“தெரியும், மீனா.”

ரயில் இன்னொரு தடவை கூவியது. மீனம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் செடியை உருவினாள். முரட்டு இலை, காம்பு, பழுத்தது, புழு தின்றது எல்லாம் கையோடு வந்தன. கார் கத்தியது. கறுப்புப் புகை கக்கி, தடதடவென்று உடம்பெல்லாம் ஆடி, கல்லையும் பள்ளத்தையும் பார்க்காமல் ஏறியது. அவள் கண்ணைத் திறக்காமலே உருவி உருவிக் கூடைக்குள் போட்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அது புகையினால் என்று அவள் பிறகு சொன்னதை நல்லமுத்து மறுத்ததில்லை.

ரயில் நின்றுகொண்டிருந்தது. இருவரும் பிளாட்பாரத்துக்கு ஓடிப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் பொன்னையாவின் தலை தெரிந்தது. அவர் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், வேலிக்கு வெளியே மொட்டையாக நின்ற காரைப் பார்த்தார். ஆயுள் முழுவதும் தோட்டத்தில் இருந்த கை. தானாக ஜன்னலுக்கு வெளியே நீண்டு, மீனம்மாவின் முதுகுக் கூடைக்குள் போய், ஒரு பிடி முரட்டு இலையோடு வந்தது.

“முத்தலு,” என்றார். நம்ப முடியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு பறிச்சது?”

“நாந்தாம்ப்பா.”

பொன்னையா உள்ளே திரும்பித் தகரப் பெட்டியை எடுத்து, ஜன்னல் வழியாக மருமகன் கையில் இறக்கினார். ரயில் நகர்ந்தபோது அந்த முரட்டு இலைகளை அவர் வீசாமல் மடியில் கட்டிக்கொண்டதை நல்லமுத்து பார்த்தான்.

தாயிலை போனதில் கார் அந்த மழைக்காலம் முழுவதும் ஓடவில்லை. ஓடியபோது தொண்டை கரகரத்தது. அந்தக் கரகரப்பு கடைசிவரை போகவில்லை. சனிக்கிழமைகளில் மீனம்மா அதில் கொழுந்து எடுப்பாள், அன்று அவர்கள் தலவாக்கலை வரை போய்வருவார்கள். ஸ்டோர் கிளாக்கர் ஒரு தடவை வந்து சீட்டுகளைப் பார்த்துவிட்டு நடந்தே போனார். பிள்ளை பிறந்த வருடம் செடியின் பின்பக்கத்தில், வேர் முடிகிற இடத்தில், உள்ளங்கை அளவில் ஒரு சிவப்புத் தோல் சீட்டு துளிர்த்தது. மீனம்மா அதைக் கிள்ளப் போனாள். இடுப்பிலிருந்த மகளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மகளோடு அதுவும் வளர்ந்தது.

நான்கு வருடத்துக்கு ஒரு தடவை வீரய்யா கத்தியோடு பஸ்ஸேறி வருவார். கார் தூங்குகிற மாதங்களில் நல்லமுத்து குடும்பமும் மற்றவர்களைப் போல ஸ்டேசன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும். 1962இல் அப்படி ஏறியபோது கண்டக்டர், “எங்கண்ணே காரு?” என்று கேட்டான்.

“கவ்வாத்துல இருக்கு.”

“எத்தன அங்குலத்துல வெட்டுனாங்க?”

“பதினாறு.”

“பனி வருதுல்ல, இன்னும் ரெண்டு விட்டிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் இரண்டு முழு டிக்கட்டும் ஓர் அரை டிக்கட்டும் கிழித்துக் கொடுத்தான்.